பூனைக்குப் பல் பார்த்த கதை

நேற்று அடுத்த வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக மிருக வைத்தியரிடம் போயிருந்தேன். அவளுடைய பூனையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார் அவர், கண்ணுக்குள் விளக்கடித்தார், முதுகைத் தடவினார். "பத்து வயசுக்குக் குறையாது" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் முறைத்தார். வைத்தியரே, சிரிப்பு உமக்கல்ல. அறையின் மருந்து நெடியில் எனக்கொரு தும்மல் வந்தது. தும்மலோடு, தூத்துக்குடியில் மிளகாய் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கி வந்தது. கிட்டங்கியோடு இருபது வயதில் நான் செய்த மடத்தனமும் வந்து சேர்ந்தது.

உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். விளாத்திகுளத்துக் கரிசல் காலில் ஒட்டியிருக்க, அந்தக் கிட்டங்கியில் மூட்டை நிறுக்கும் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். அங்கே மிளகாய்க் காம்பு கிள்ளுகிறவள் லூர்தம்மாள். அவள் மடியில் எப்போதும் ஒரு செவலைப் பூனை. நாங்களெல்லாம் நெடியில் கண்ணீர் வடிக்க, அது மட்டும் மகாராணி போலத் தூங்கும்.

கொழும்புக்குத் தோணி ஓட்டும் தண்டல் மிக்கேல் ஒருநாள் வந்தார். எலிகள் தோணியின் பாயைக்கூடக் கடித்துவிட்டனவாம். பூனையைக் கேட்டார். இளசென்றால் கொண்டுபோகட்டும், கிழடென்றால் இங்கேயே கிடக்கட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"இது கிழடுய்யா! எம் மவ பத்து வயசுல கோயில்ல புதுநன்மை வாங்கின வருசம் வந்த குட்டி. அவ இப்ப ரெண்டு பிள்ளைக்காரி" என்று பூனையை இறுக்கிக்கொண்டாள் லூர்தம்மாள்.

"ஏளா, குடுக்க மனசில்லன்னு சொல்லு. எதுக்கு வயசக் கூட்டுத? தம்பி கரிசக்காட்டு ஆளு, மாட்டுக்குப் பல்லு பாக்கத் தெரியும்லா? அவரு சொல்லட்டும்" என்றார் மிக்கேல்.

இருபது வயதில் யாராவது அபிப்பிராயம் கேட்டால் மார்பு தானாக விரியும். வாயைத் திறந்து பார்த்தேன். மேலே முன்பல் இல்லை. மாட்டுக்கும்தான் இல்லையே! கீழே இரண்டே இரண்டு பல். எங்கள் ஊர்ச் சந்தையில் இரண்டு பல் என்றால் இளங்காளை.

"ரெண்டு பல்லு. நல்ல இளசு" என்று தீர்ப்புச் சொன்னேன்.

மற்றதெல்லாம் கொட்டிப்போக மிஞ்சிய இரண்டு அவை. கண்ணில் படர்ந்திருந்த புகையையும், நக்கிச் சீவாமல் முதுகில் திரிதிரியாய்க் கிடந்த மயிரையும், மூட்டையேறத் தயங்கும் காலையும் அந்த மேதை பார்க்கவேயில்லை.

பூனையோடு தோணி போயிற்று. லூர்தம்மாள் என் பக்கம் திரும்பாமல், இல்லாத பூனையின் மயிரை மடியிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டேயிருந்தாள்.

பதினைந்து நாள் கழித்து மிக்கேல் ஓலைப்பெட்டியோடு வந்தார். "தம்பி, உம்ம இளசுக்கு மீன அவிச்சு முள்ளெடுத்து ஊட்டியே என் வெரலு தேஞ்சுட்டு! எலி பக்கத்துல வந்து படுக்கு. இது நகந்து எடம் குடுக்கு!"

பூனை மடியேறிச் சுருண்டது. "நான் சொன்னம்லா" என்றாள் லூர்தம்மாள், பூனையிடம்.

வேடிக்கை பிறகுதான். கரைக்கு வரும்போதெல்லாம் மிக்கேல் முள்ளெடுத்த மீனை இலையில் பொதிந்துகொண்டு வருவார். அடுத்த நடைக்குப் பூனையைக் கேட்பார்.

"கிழடுய்யா."

"எனக்கு மட்டும் வயசு கொறையுதாக்கும்?"

அவள் கடைசிவரை கொடுக்கவில்லை.

மறுவருஷம் ஒரு மத்தியானம், சாக்கின் மேல் தூங்கியபடியே பூனை போய்விட்டது. அப்போது தோணி கடலில். "அந்த மனுசங்கிட்ட என்னால சொல்ல முடியாது. நீங்க சொல்லிருங்க, தம்பி" என்றாள்.

பொட்டலத்தோடு கிட்டங்கிப் படியேறி வந்தவரிடம் சொன்னேன். "வயசாயிட்டுல்லா, தம்பி" என்று என்னைத் தேற்றினார். லூர்தம்மாள் பொட்டலத்தை வாங்கி மூன்றாகப் பிரித்தாள். முள்ளே இல்லாத மீன். ஆனாலும் மூன்று பேரும் மெல்ல மெல்லத்தான் தின்றோம்.

இன்று கிட்டங்கி இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. தோணிகளில் எந்திரம் உறுமுகிறது. லூர்தம்மாளும் இல்லை, மிக்கேலும் இல்லை. ஒரு கிழட்டுப் பூனைக்காக மீனுக்கு முள்ளெடுத்துக்கொண்டு வருகிற மனிதர் எவரேனும் இன்னும் இருந்தால், அவர் ஏறி வர அந்தப் படியும் இல்லை.