குன்னூர்க்காரனும் அஞ்சாம் நம்பர் ஃபேனும்

பெங்களூரிலிருந்து பையன் வந்திருக்கிறான். வந்த அன்றைக்கே தன் அறையில் ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு, கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டி, "அம்மா, குளிர்றது. கனமா ஒரு போர்வை இருக்கா?" என்று கேட்டான். பதினெட்டை இருபத்தாறாக்கினால் போர்வையே வேண்டாமே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இதே வாதத்தைக் கல்யாணமான புதிதில் இந்த ஊரில் ஒருவரிடம் செய்து பார்த்துத் தோற்றவள் நான். பேசாமல் ஸ்டூலைப் போட்டு லாஃப்டைத் திறந்தேன்.

முதலில் அந்துருண்டை வாசனை வந்தது. பின்னாலேயே செங்கல் நிறக் கம்பளி வந்தது. இழுத்த வேகத்தில் அதற்குள்ளிருந்து கனமாக ஏதோ நழுவிக் கட்டிலில் விழுந்தது. ஒரு கண்ணாடி பாட்டில். அதற்குச் சாம்பல் நிறத்தில் கம்பளி நூல் சட்டை, கழுத்தருகே ஒரு வெள்ளைப் பொத்தான். பையன் எடுத்து உருட்டிப் பார்த்தான். கண்ணாடியில் புடைத்திருந்த பிராந்திப் பேர் சட்டைக்கு மேலேயே கைக்குத் தட்டுப்பட்டது போலிருக்கிறது. "என்னம்மா இது, அப்பாவோட பழைய ஸ்டாக்கா?" என்றான்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவர் நிமிரவே இல்லை. "ஒரு தடவை அந்தக் கேள்விக்கு நான் பட்டது போறும்டா" என்றார்.

அவர் பட்டது எதுவுமில்லை. பட்டதெல்லாம் நான்தான். சொல்கிறேன், கேளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது குன்னூரில். அப்பா ஒரு தேயிலை ஃபாக்டரியில் கணக்கு எழுதினார். டிசம்பர் ராத்திரியில் அங்கே மெத்தையில் கால் வைத்தால் ஈரத்துணியில் வைத்தது போலிருக்கும். அதனால் எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டிலும், படுப்பதற்குச் சற்று முன்னால் ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் கால்மாட்டில் போர்வைக்கடியில் தள்ளிவிடுவார்கள். கடையில் விற்கும் ரப்பர் பை ஒரு குளிர்காலம் தாங்கினால் அதிகம். மேனேஜர் பங்களாவில் காலியாகும் பிராந்தி பாட்டிலுக்குத்தான் எங்களிடம் மரியாதை. கண்ணாடி கனமாக இருக்கும், மூடி கசியாது. முதலில் வெதுவெதுப்பான நீரை விட்டுக் குலுக்கிக் கொட்டிவிட வேண்டும். அப்புறம் சூடானதை விட்டால் விரிசல் விடாது. அப்பாவின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து அம்மா அதற்கு ஒரு சட்டை பின்னியிருந்தாள். இருமலுக்குக்கூடக் கஷாயத்தைத் தவிர வேறொன்றையும் தொடாத அப்பா, வருஷா வருஷம் பங்களா பட்லரிடம் போய் நல்ல பிராந்தி பாட்டிலாகப் பார்த்து எடுத்து வைக்கச் சொல்லி வருவார். யாருக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றியதில்லை.

கல்யாணமாகி நான் திருவனந்தபுரத்துக்குக் கிளம்பியபோது அம்மா அந்தக் கம்பளியையும் பாட்டிலையும் என் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டாள். திருவனந்தபுரத்தில் குளிர் கிடையாது என்பது அம்மாவுக்குத் தெரியாததல்ல. பெண்ணின் கால் சில்லிட்டுப் போகுமோ என்கிற கவலைக்குச் சீதோஷ்ணம் தெரியாது, அவ்வளவுதான்.

அங்கே ஸ்ரீவராகம் என்ற பகுதியில் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் வைத்த வீடு. நாங்கள் இரண்டு பேர், மாமியார் ஒருவர். பெட்டியைத் திறந்ததும் மாமியார் கம்பளியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இதென்னடி, கரடியை உரிச்சுக் கொண்டுவந்திருக்காய்? இங்க இதைப் போத்திண்டா வெந்து போயிடுவாயாக்கும்" என்றார். அன்றைக்கே அது பரணுக்குப் போய்விட்டது. பாட்டில் சேலைகளுக்கடியில் இருந்ததால் தப்பியது.

சரி, இங்கே குளிரே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். டிசம்பர் வந்தது. விடியற்காலையில் கோயிலுக்குப் போகிறவர்கள் தலையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு போனார்கள். பால்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார். மாமியார் உள்ளங்கைகளைத் தேய்த்தபடி, "என்ன தணுப்பு! ஈஸ்வரா, என்ன தணுப்பு!" என்று முற்றத்தில் நின்றார். எனக்கோ முதுகில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. ஊரே சேர்ந்து என்னைக் கேலி செய்கிறதோ என்றுகூடச் சந்தேகம் வந்தது.

சரி, குளிர்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ராத்திரி ஃபேன் எதற்கு? எங்கள் வீட்டில் இரண்டு ஃபேன். இரண்டும் அஞ்சாம் நம்பரில்தான் ஓடும். ரெகுலேட்டரில் மற்ற எண்களை ஏன் போட்டார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அதற்கடியில் தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டு, மூக்குக்கு மட்டும் வழி விட்டுப் படுப்பார்கள்.

"தணுக்கறதுன்னா ஃபேனைக் குறைச்சுக்கலாமே?" என்று இவரிடம் கேட்டேன்.

"குறைச்சா கொசு தூக்கிண்டு போயிடும்."

"கொசுவுக்குத்தான் ஃபேன்னா, போர்வை எதுக்கு?"

"ஃபேன் ஓடறதோல்லியோ? தணுக்காதா?"

இதற்குள் எங்கே நுழைவது? அந்த நாட்களில் தினமும் அரை மணி நேரம் கரண்டை நிறுத்துவார்கள். அது தவிர, நேரங்கெட்ட நேரத்திலும் போகும். ராத்திரியில் ஃபேன் நின்றதும் தெருவே விழித்துக்கொள்ளும். போர்வைகளை உதறுகிற சத்தமும், விசிறி தேடுகிற சத்தமும், மின்சாரக்காரர்களை மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறி வைகிற சத்தமும் வீட்டுக்கு வீடு கேட்கும். கரண்ட் வந்ததும் எல்லாரும் ஒரே மூச்சில் 'அப்பாடா' என்று மறுபடி போர்த்திக்கொள்வார்கள். நான் மட்டும் விழித்துக்கொண்டு கிடப்பேன். ஃபேனே இல்லாத ஊரிலிருந்து வந்தவளுக்கு அந்தக் கடக் கடக் சத்தம் ரயிலில் படுத்திருப்பது போலவே இருந்தது. எந்த ஸ்டேஷனும் வராத ரயில். குன்னூரை நினைத்துச் சத்தமில்லாமல் அழுதிருக்கிறேன்.

ஒருநாள் பொறுக்கவில்லை. பரணிலிருந்து கம்பளியை இறக்கினேன். மாமியார் படுத்த பிறகு பாட்டிலில் வெந்நீர் நிரப்பிக் கால்மாட்டில் வைத்துப் போர்த்திக்கொண்டேன். மேலே ஃபேன் அஞ்சாம் நம்பரில் சுற்றுகிறது. மூக்கு நுனி சில்லென்று இருக்கிறது. உள்ளங்காலில் இளஞ்சூடு. அட, குன்னூர்! இந்த ஊர்க்காரர்கள் ராத்திரிதோறும் ஆளுக்கொரு சின்ன மலைவாசஸ்தலத்தை உண்டாக்கிக்கொண்டுதான் தூங்குகிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அன்றைக்குத்தான் அந்த வீட்டில் முதன்முதலாக நன்றாகத் தூங்கினேன்.

கொஞ்ச நாள் சுகமாகப் போயிற்று. மார்கழி பிறந்த பிறகு ஒரு காலையில்தான் மாட்டிக்கொண்டேன். எழுந்தவுடன் அவரவர் படுக்கையை அவரவரே சுருட்டி மூலையில் வைத்துவிட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். குளித்து மடிப்புடவை கட்டிக்கொண்ட பிறகு மாமியார் படுக்கையைத் தொடமாட்டார். பாட்டில் உள்ளே இருப்பதை மறந்து மெத்தையைச் சுருட்டித் தூக்கினேன். அது நழுவிக் கீழே விழுந்தது. உடைந்திருந்தாலாவது தேவலை. அந்த வீட்டுத் தரை, கழுவிவிட்ட தண்ணீர் பின்பக்கம் ஓடுவதற்காக லேசாகச் சரித்துப் போட்டது. பாட்டில் என் அறையிலிருந்து கூடத்துக்கு உருண்டது. கூடத்தில் அதன் சட்டை கழன்றது. அம்மணமாகக் கடகடவென்று ஓடி, சமையலறை வாசலில் ஈரத்தலையோடு நின்றிருந்த மாமியாரின் கால் பக்கம் போய் நின்றது. புடைத்த எழுத்து மேல்பக்கம். மாமியாருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும்.

மடியில் இருப்பதால் தொடவும் முடியவில்லை, தாண்டவும் முடியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

"வெந்நீர் பாட்டில்மா" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"இது ஆரோடது?" என்றார் மெதுவாக. "அவனோடதா, உன் அப்பாவோடதா?"

அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். முகம் வெளுத்துவிட்டது. மாமியாரின் தம்பி ஒருவர் குடித்துக் குடித்தே குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியவர். அந்தப் பயத்திலேயே ஒற்றைப் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்த்தவர் அவர். நான் குன்னூர்க் குளிரையும் பட்லரையும் ஸ்வெட்டரையும் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அது இன்னும் நம்ப முடியாததாக ஆகிக்கொண்டே போயிற்று. இவர் குளியலறைக்குள் இருந்துகொண்டு தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார். அன்றைக்கு இவர் குளித்த குளியல் ஒரு வருஷத்துக்குப் போதும்.

"இந்த ஆத்துல இது வேண்டாம்" என்றார் மாமியார். பாட்டில் கொல்லையில் தென்னை மரத்தடிக்குப் போயிற்று. அதற்கப்புறம் என்னிடம் சமையல் சம்பந்தமாக மட்டும் பேசினார். பிள்ளை பக்கத்தில் வரும்போதெல்லாம் அவர் மூச்சை இழுத்து மோந்து பார்ப்பதை நானே கண்டேன். அவருக்குப் பிள்ளை மேல் நம்பிக்கை போயிற்று, எனக்கு அந்த வீட்டில் பேர் போயிற்று. பொய் சொல்லாமலே பொய்க்காரியாக நிற்பது எவ்வளவு வலிக்கும் என்று அப்போது தெரிந்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்கவே குடிகார வீடுகள் என்று அவர் நினைத்திருப்பாரோ என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

அந்த மார்கழியில் மழையும் சேர்ந்துகொண்டது. மாமியார் கூடத்தில் பாய் போட்டு, அஞ்சாம் நம்பர் ஃபேனுக்கடியில்தான் படுப்பார். அவருக்குச் சர்க்கரை உண்டு. பாதம் இரண்டும் மரத்துச் சில்லிட்டுவிடும். படுத்த பிறகு ஒரு காலை இன்னொரு காலோடு தேய்க்கிற சரக் சரக் சத்தம் சுவருக்கு இந்தப்புறம் கேட்கும். ஃபேனைக் குறைக்கலாமா என்று கேட்பதில் பிரயோசனமில்லை என்பது எனக்குத் தெரியும். ஒருநாள் அவர் விளக்கேற்றிக்கொண்டிருந்த சமயம் தென்னை மரத்தடியிலிருந்து பாட்டிலை எடுத்து வந்து ஒளித்து வைத்தேன். ராத்திரி அவர் பாயை விரித்துவிட்டுக் கால் கழுவப் போனபோது, அதைக் கழுவி வெந்நீர் நிரப்பி, சட்டை மாட்டி, ரொம்பச் சூடாக இல்லாமல் என் கன்னத்தில் வைத்துப் பார்த்து, அவர் போர்வையின் கால்மாட்டில் வைத்துவிட்டு வந்தேன். அவர் அதைத் தெருவில் தூக்கி எறிந்தால் நானும் அதன் பின்னாலேயே குன்னூருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் படுத்தேன். எறிகிற சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. சரக் சரக் சத்தமும் வரவில்லை.

காலையில் பாட்டில் சமையலறைத் திண்டில் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சட்டை கொடியில் காய்ந்தது. மாமியார் பூஜையை முடித்துவிட்டு, இவருடைய பழைய சட்டையிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்து அதன் கழுத்தில் தைத்தார்.

"இனிமே அவிழ்ந்துண்டு ஓடாது" என்றார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "இத்தனை வெந்நீர் விட்டப்புறம் எந்தத் தீட்டுடி நிக்கும் இதுல?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றிலிருந்து அதற்குக் குன்னூர்க்காரன் என்று பேர். சாப்பிட்டுக் கை கழுவியதும் "குன்னூர்க்காரன் எங்கடி?" என்பார். யாராவது விருந்தாளி வந்தால் அந்தப் பேரைக் கேட்டு முழிப்பார்கள். முதல் சூடு அவருக்கு. கொஞ்ச நேரத்தில் சுவரைத் தட்டி, "எனக்குப் போறும். வந்து எடுத்துண்டு போ" என்பார். போனால் உடனே விடமாட்டார். உங்க ஊர்ல இப்போ என்ன தணுப்பு இருக்கும், மேகம் ஆத்துக்குள்ளயே வருமா என்று கேட்பார். பாயோரத்தில் உட்கார்ந்து சொல்லுவேன். என் சொந்த ஊரை இவ்வளவு ஆசையாக யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஒரு மே மாதம் அவரைக் குன்னூருக்கே அழைத்துக்கொண்டு போனோம். ஸ்வெட்டர், சால்வை, சாக்ஸ் எல்லாம் போட்டு, இரண்டு கம்பளிக்கடியில் படுக்க வைத்து, காலுக்குப் பாட்டிலும் வைத்தாயிற்று. ஆள் தூங்கினால்தானே? "என்னமோ போல இருக்குடி. ஃபேன் சத்தம் இல்லாம எப்படித் தூங்கறது?" என்றார். கூச்சத்தைப் பார்த்தால் ஆகாது என்று மறுநாள் இவர் கடைக்குப் போய் டேபிள் ஃபேன் கேட்டார். கடைக்காரர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து தூசு தட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாராம். அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி, அஞ்சு இல்லாததால் மூன்றாம் நம்பரில் ஓடவிட்டோம். மாமியார் குறட்டை விட்டார். அப்பாவும் அம்மாவும் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த ஸ்ரீவராகம் வீடு இப்போது இல்லை. நாங்கள் இருப்பது ஃப்ளாட். தரை மட்டமானது, எதுவும் உருண்டு ஓடாது. ஃபேனுக்கு ரிமோட் வந்துவிட்டது. டிசம்பரில் மஃப்ளர் கட்டியவர்களைக் காணோம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுகிறார்கள், தெரு விழிப்பதில்லை. பையனுக்கு நினைவு தெரியும் முன்பே மாமியார் போய்விட்டார்; அதோடு குன்னூர்க்காரனும் கம்பளிக்குள் போய்விட்டான். கடைசி வரைக்கும் ராத்திரி கால் சூட்டோடுதான் தூங்கினார். அதில் எனக்கு நிறைவுதான்.

பையன் கம்பளியை எடுத்துக்கொண்டு போனான். பாட்டில் என்னிடம் மிஞ்சியது. இப்போது எனக்கும் சர்க்கரை, எனக்கும் பாதம் சில்லிடுகிறது. வெந்நீர் நிரப்பிப் பொத்தானைப் போட்டுக் கால்மாட்டில் வைத்துப் படுத்தேன். காலை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அப்படிச் சுட்டது. குன்னூர்க்காரன் என்று பேர் வந்த பிறகு அது எனக்கு இவ்வளவு சூடாக வந்து சேர்ந்ததே இல்லை. முதல் சூட்டை மாமியார் எடுத்துக்கொண்டு, ஆற வைத்தல்லவா கொடுப்பார்?

காலை மடக்கிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, அது ஆறுவதற்காகக் காத்துக்கொண்டு படுத்திருந்தேன்.