மூடி எடுக்காத டிடெக்டர்

போன வருஷம் வெயில் ஏற ஆரம்பித்திருந்த நேரம். திருப்பதி ரயில்வே ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில், புதிதாகக் கட்டிய ஒரு லாட்ஜில் எனக்கு வேலை. ரூமுக்கு ரூம் கூரையில் ஸ்மோக் டிடெக்டர் மாட்ட வேண்டும். வெள்ளையாக, இட்லி அளவுக்கு ஒரு வட்டம் இருக்குமே, புகை பட்டால் கத்துமே, அதுதான். சமையல்கட்டில் மட்டும் அதை மாட்ட மாட்டோம். மிளகாய் தாளித்தாலே ஊரைக் கூட்டிவிடும். அங்கே சூட்டுக்கு மட்டும் கத்துகிற வேறு ரகம். நான் நகரிக்காரன். காலையில் ரயிலில் வந்து, வேலை முடிந்ததும் ரயிலிலேயே திரும்புகிறவன்.

என் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். புருஷன் போவான், பெண்டாட்டி காத்திருப்பாள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். எங்கள் வீட்டில் தலைகீழ். நானும் கிளம்பத்தான் பார்த்தேன். "உனுக்கு ஒரு வெந்நீர் வெக்கத் தெரியாது, நீ போயி அங்க இன்னா பண்ணுவே மாமா? நான் போயி, ஒரு வீட்டைக் கட்ற அளவுக்கு சேத்துக்கினு வந்துடறேன்" என்று சிரித்துக்கொண்டே விமானம் ஏறிவிட்டாள். நான் அவளுக்குச் சொந்த அத்தை மகன், அதனால் சின்ன வயசிலிருந்தே மாமாதான். ஏர்போர்ட்டில் அவள் சிரித்தாள், நான்தான் அழுதேன். அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். வீடியோ காலில் வருவாள். பேச வேண்டியதெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும். சாப்பிட்டாயா, மழை உண்டா, நகரியில் கட்டுகிற வீடு எதுவரைக்கும் வந்தது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு பேரும் போனை வைக்க மாட்டோம். அவள் தலையணை ஓரத்தில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அப்படியே தூங்கிப்போவாள். நான் என் போனை ஏணியில் கட்டி வைத்துக்கொண்டு வேலை பார்ப்பேன். ஸ்க்ரூ முடுக்குகிற நடுவில் திரும்பிப் பார்த்துக்கொள்வேன். அவள் மூச்சு விடுவது கேட்கும். பக்கத்தில் படுத்திருக்கிற மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்துக்கு.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, லாட்ஜ் மேனேஜர் என்னோடு மல்லுக்கு நின்றார். ரூமை போட்டோ எடுத்து நெட்டில் போட வேண்டுமாம், கூரை நடுவில் இது அசிங்கமாகத் தெரிகிறதாம். "மூலலோ பெட்டு அண்ணா, மூலலோ" என்று மூலையைக் காட்டிக்கொண்டே நின்றார். மூலைக்குப் புகை வந்து சேர நேரமாகும், ஏ.சி. காற்று அடிக்கிற இடத்தில் வைத்தால் புகையைத் தள்ளிவிடும், நடுவில்தான் வைக்க வேண்டும் என்று நான் தெலுங்கிலும் தமிழிலும் கத்திக்கொண்டிருந்தேன். போனுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"இன்னா மாமா, ஒரு டப்பாக்கா இம்மாம் சண்டை? காட்டு பாப்போம்."

போனைத் திருப்பிக் கூரையைக் காட்டினேன்.

"அட, இது என் ரூம்லயும் கீதே! ஆனா என்னுது ஆரஞ்சு கலரு."

எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. "காட்டுமே" என்றேன். காட்டினாள். சமையல்கட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற மிஷினும் காயவைக்கிற மிஷினும் இருக்கிற அறைதான் அவளுக்குப் படுக்கை. கதவுப் பக்கம் மிஷின், உள்ளே தள்ளி அவள் கட்டில். அதற்கு நேர் மேலே டிடெக்டர், அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் மூடி. பெயின்ட் அடிக்கும்போது தூசி போகாமல் இருக்க நாங்கள் போடுகிற மூடி அது. வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எவனோ எடுக்காமல் போயிருக்கிறான். மூடி இருக்கிறவரை அது மூக்கைப் பொத்திக்கொண்டு காவல் இருக்கிறவன் மாதிரிதான், பக்கத்திலேயே எரிந்தாலும் தெரியாது.

"ஏறி அதை எடுமே."

"கெடக்குது வுடு மாமா. மேடம் பாத்தா இன்னா ஏதுன்னு கேக்கும்."

"எடுத்தாத்தான் நான் சோறு துன்னுவேன்."

"அய்யே, குவைத்துக்கு வந்தாலும் உன் ரோதனை தீராதா?" என்று முனகிக்கொண்டே கட்டில் மேல் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். குள்ளம். எட்டவில்லை. நுனிக்காலில் எக்கி நின்று பிடித்துவிட்டாள். திருகாதே, கீழே இழு என்று நான் கத்த, மூடி கையோடு வந்து அவள் தலையெல்லாம் தூசி கொட்டியது.

"மினுக்குதா? நல்லா பாரு, மினுக்குதா?"

மினுக்கினால்தான் அதற்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம்; அவள் தூசியைத் தட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"மினுக்குது மாமா. செவப்பா, என் பொட்டாட்டம் சின்னதா."

அன்றைக்கு வேலை முடித்து நகரிக்கு ரயிலில் போகும்போது ஒரே யோசனை. எவனோ ஒருத்தன் அந்த ரூமுக்குள் ஏணி போட்டு நின்று அதை மாட்டியிருக்கிறான். எனக்கு அந்த ரூமுக்குள் ஒரு நிமிஷம் நிற்கிற கொடுப்பினை இல்லை. யார் யாரோ வந்து படுக்கப்போகிற கட்டிலுக்கு மேலெல்லாம் பார்த்துப் பார்த்து மாட்டுகிறேன், என் வீட்டுக்காரி தலைக்கு மேல் இருப்பதைத் தொடக்கூட முடியாது. முகம் தெரியாத அந்த ஆள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், பொறாமைதான்.

அதற்குச் சில வாரம் கழித்து இன்னொரு வெள்ளிக்கிழமை. அதே லாட்ஜ், மேல் மாடி. அவள் பெட்ஷீட்டெல்லாம் மிஷினில் காயப்போட்டுவிட்டு, பேசிக்கொண்டே தூங்கிவிட்டாள். போன் சாய்ந்திருந்த வாக்கில் அவள் நெற்றியும் முடியும், மேலே கூரையில் அந்தச் சிவப்பு விளக்கும் தெரிந்தன. நான் ஏணியில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். மினுக், மினுக்.

விளக்கு மினுக்குவதை நிறுத்தி, நின்று எரிந்தது.

இந்த வேலையில் இருக்கிறவனுக்கு அதற்கு அர்த்தம் தெரியும், புகை பட்டுவிட்டது. "எழுந்திருமே! ஏய், எழுந்திரு! வெளிய ஓடு!" என்று அடித்தொண்டையில் கத்தினேன். அதற்குள் அங்கே அலாரம் அலற ஆரம்பித்துவிட்டது. அவள் திடுக்கிட்டு எழுந்தது தெரிந்தது. போன் விழுந்தது. திரை கறுப்பாகிவிட்டது. லைன் போய்விட்டது.

திரும்பக் கூப்பிட்டால் போகவில்லை. மறுபடியும் போகவில்லை. தினமும் டெஸ்ட் பண்ணும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டு, தொல்லை என்று காதைப் பொத்திக்கொள்கிறவன் நான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஏணிக்கடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் கத்தியதைக் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார், வெள்ளை பேன்ட்டோடு, சிமென்ட் தூசியில். "ஏம் காது அண்ணா. சேஸ்துந்தி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகாது, கூப்பிடுவாள் என்று. கீழே அவரை யாரோ கூப்பிட்டார்கள், போகவில்லை. காபி வரவழைத்தார். நான் குடிக்கவில்லை, அவரும் குடிக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காபி ஆடை கட்டிய பிறகு போன் அடித்தது. அவள்தான்.

"ஒண்ணும் ஆவல மாமா. அழுவாத. ஏய், அழுவாதன்றேன்ல?"

காயவைக்கிற மிஷினுக்குள் பஞ்சுத் தூசி அடைத்து, சூடேறிப் பற்றியிருக்கிறது. புகை கிளம்பும்போதே அலாரம் அடித்ததால் இவள் மிஷினைத் தாண்டி வெளியே ஓடிவிட்டாள். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் கதவுப் பக்கம் போயிருக்கவே முடியாது. அந்த வீட்டு ஆட்கள் வந்து தீயை அணைத்திருக்கிறார்கள். மேடம் முதலில் சத்தம் போட்டாராம், பிறகு மிஷினைப் பார்த்துவிட்டு இவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம்.

"அந்த மணி அடிச்சதுகூட இல்ல மாமா, நீ கத்துனியே, அதுலதான் எனுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்மூர்ல கத்துனாலே இங்க கேட்டிருக்கும்."

"போதும்மே. வந்துடு" என்றேன். அவள் சின்னக் குரலில், "பூச்சு வேலை முடிஞ்சிடட்டும் மாமா. வந்துடறேன்" என்றாள்.

பூச்சு வேலை முடிந்துவிட்டது. இப்போது ஜன்னல், கதவு என்கிறாள். கூரைக்கு கான்கிரீட் போடும்போதே படுக்கையறையில் டிடெக்டருக்கு ஒயர் இழுத்து விட்டிருந்தேன். அது இன்னும் அப்படியே தொங்குகிறது. டிடெக்டர் வாங்கி வைத்திருக்கிறேன், ஏணியும் இருக்கிறது, ஆனால் கை வரவில்லை. கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று அவள் வந்து சொல்லட்டும் என்று கேட்கிறவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கட்டில் எங்கே இருந்தாலும் கூரை நடுவில்தான் மாட்டப்போகிறேன், அது எனக்கே தெரியும். இருந்தாலும் ஒரு நாள் நான் அந்த ஏணியில் ஏறி நின்று, என் கையால் அதை மாட்டி, மூடியை எடுத்துவிட்டு, கீழே படுத்துக்கொண்டு பார்க்கிறவளிடம் "மினுக்குதா?" என்று கேட்க வேண்டும், அதைவிடப் பெரிதாக இந்தப் பிறவியில் எனக்கு எதுவும் வேண்டாம்.