மயூரதன் விடாத மூச்சு

மயூரதனைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் 'வேலிப்பொட்டு' ராப் குழுவைத் தொடங்கியவன் என்றுதான் ஆரம்பிப்பார்கள். தொடங்கியவன் அவன்தான், அதை நான் மறுக்கவில்லை. 2016இல், நீர்வேலியில் அவன் தகப்பனுடைய வாழைத்தோட்டத்து மோட்டர் கொட்டிலுக்குள் மூன்று பேராய்த் தொடங்கினோம். அவன் வரிகளை எழுதிச் சொல்லுவான். நதானியேல் ஆகிய நான் போனில் பீட் போடுவேன். சுபாஜினி அவனோடு மாறி மாறிச் சொல்லுவாள், முடிந்ததும் அவனிடம் பிழை பிடிப்பாள்.

"நடுவிலை மூச்சு விட்டிட்டாய். திரும்பச் சொல்லு."

"ஆளை விடு தாயே, நான் மனிசன்!"

"மனிசரும் சொல்லலாம். சொல்லு."

எங்கள் முதல் மேடை மருதனார்மடத்தில் ஒரு விளையாட்டுக் கழக விழா. இரண்டாவது பாட்டுப் பாதியில், "என்ன கண்டறியாத கத்தல், சினிமாப் பாட்டைப் போடுங்கோடா" என்று ஒருவர் மைக்கை நிறுத்திவிட்டார். மயூரதன் செத்த மைக்கைக் கீழே வைத்தான். பிறகு மேடையிலிருந்து இறங்கி வந்தான். எனக்கு மூக்குக்கு மேலே கோபம். தொண்டை இருக்குதல்லோ, மைக் இல்லாவிட்டால் என்ன? ஒரு கிழமை அவனோடு நான் கதைக்கவே இல்லை.

பிழைப்புக்கு அவன் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவில் மரண அறிவித்தல் சொன்னான். ஊர் ஊராய்ப் போய், இறந்தவர் இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை, இன்னாரின் மாமனார் என்று சொல்லும் வேலை. அவன் தாளைப் பார்த்து வாசிப்பதில்லை. செத்தவீட்டில் தாளை வாங்கி இரண்டு தரம் பார்ப்பான், அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவான். முப்பது பெயர் என்றாலும் தடக்காமல் வரும். அவனுடைய ராப்பைக் கேட்டு வெளிநாட்டிலிருந்து பாராட்டுகிறவர்களுக்கு அந்தத் தொண்டை எங்கே பழகியது என்று தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன் சுபாஜினி என்னைப் பதிவுத் திருமணம் செய்தாள். நான் வேதக்காரன், கிறிஸ்தவன்; அதற்கு மேல் சாதியிலும் வேறு ஆட்கள். அவளுடைய அண்ணன் சிவரூபன் வீட்டு வாசல் படலையைப் பூட்டினான். தகப்பன் பரமலிங்கம் மட்டும் ஒளித்து ஒளித்துப் போன் எடுப்பார்.

போன ஆனியில் அவர் செத்துப்போனார். விடிய மயூரதன் எனக்குப் போன் எடுத்தான்.

"சிவரூபன் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறான். தாளிலை சுபாவின்ரை பேர் இல்லையடா."

"அப்ப முடியாதெண்டு சொல்லிப்போட்டு வா!"

"வேறை ஆள் வந்தாலும் உந்தத் தாளைத்தான் வாசிப்பான். எட்டு வருசமா ஒருத்தற்றை தாளையும் நான் மாத்தேல்லை, நதா. மாத்தினால் பிறகு ஒருத்தரும் கூப்பிடமாட்டினம்."

நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிப் போனை வைத்தேன். சுபாஜினி அழவில்லை. "அப்பாவுக்கு வாய்க்கரிசி போடவேணும்" என்று மட்டும் சொன்னாள். பதினொரு மணிக்குப் பிரேதம் எடுத்துவிடுவார்கள். 'அறிவித்தலிலை பேரில்லாத ஆளுக்குப் படலைக்குள்ளை என்ன அலுவல்' என்று சிவரூபன் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தான்.

ஒன்பதரைக்கு நீர்வேலிச் சந்தியில், பூட்டியிருந்த கடை ஒன்றின் தாழ்வாரத்தில் நின்றோம். அவள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை கூப்பிடு தூரம். ஒலிபெருக்கி உள்ளொழுங்கைகளில் சுற்றுவது கேட்டது. "சிவரூபனின் பாசமிகு தந்தையும்..." அதோடு சரி. அவள் பெயர் இல்லை. இரண்டாம் தரமும் இல்லை. எனக்கு மேலெல்லாம் பற்றி எரிந்தது. நாய்க்குப் பிறந்தவன், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தவன்! சுபாஜினி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பத்தே காலுக்கு ஓட்டோ சந்திக்கு வந்தது. மயூரதன் ஒரு கையில் மைக்கோடு ஓட்டி வந்தான், பின்னால், கிரியை தொடங்குமுன் காவலுக்கென்று வந்த சிவரூபன். மரக்கறி வாங்க வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், செத்தவீட்டுக்குப் போகிறவர்கள் என்று நல்ல சனம். மயூரதன் எங்களைக் கண்டான். ஓட்டோவை நிறுத்தினான்.

"நீர்வேலி தெற்கைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட ஆறுமுகம் பரமலிங்கம் நேற்றுக் காலமானார். அன்னார் பராசக்தியின் அன்புக் கணவரும், சிவரூபன்..."

ஒலிபெருக்கி செத்தது. சிவரூபன் கண்ணாடியில் மயூரதன் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு வயரைப் பிடுங்கிவிட்டான்.

"உன்ரை வாயைப் பொத்தடா! தாளிலை இல்லாததைச் சொன்னியெண்டால்..."

மயூரதன் செத்த மைக்கைப் பார்த்தான். எனக்கு மருதனார்மடத்து மேடை ஞாபகம் வந்தது. ஐயோ, இறங்கிவிடப் போகிறான் என்று நினைத்தேன். இறங்கினான்தான். மைக்கை இருக்கையில் வைத்துவிட்டு நடுச்சந்தியில் போய் நின்று, முதலிலிருந்து தொடங்கினான். வெறும் தொண்டை. பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். பரமலிங்கம், பராசக்தி, "சிவரூபன், சுபாஜினி ஆகியோரின் பாசமிகு தந்தையும், நதானியேலின் அன்பு மாமனாரும் ஆவார்!"

என் பெயரும் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அவனைத் திட்டிய எனக்குக் கண்ணீர் வந்தது.

சிவரூபன் அவன் சேட்டுக் கழுத்தைப் பிடித்துக் கிழிய உலுக்கினான். அதற்குள் செத்தவீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த உதயகலா பெரியம்மா, பராசக்தியின் தமக்கை, தாழ்வாரத்துக்கு வந்து சுபாஜினியின் கையைப் பிடித்துவிட்டார்.

"வா பிள்ளை. ஊர் கேக்கப் பேர் சொல்லியாச்சு. உவன் இனி என்னெண்டு மறிக்கிறானெண்டு பாப்பம்."

சிவரூபன் மறிக்கவில்லை. அவ்வளவு சனத்துக்கு முன்னால் அவனால் முடியவில்லை. நான் படலைக்கு வெளியே நின்றேன். சுபாஜினி உள்ளே போய் அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டாள்.

அதற்குப் பிறகு நீர்வேலியில் மயூரதனை ஒருவரும் அறிவித்தலுக்குக் கூப்பிடவில்லை. அவன் பயந்ததுதான் நடந்தது. இப்போது அதே ஓட்டோவில் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றுகிறான்.

அன்று பிரேதம் போன பிறகு சுபாஜினி வெளியே வந்தபோது, அவன் ஒழுங்கை முகப்பில் கிழிந்த சேட்டோடு வயரைப் பொருத்திக்கொண்டிருந்தான். அவள் வீங்கிய கண்ணோடு அவன் முன்னால் போய் நின்றாள்.

"எங்கையடா மூச்சு விட்டனி?"

"அப்பான்ரை பேரிலை எடுத்தனான்," என்றான் அவன். "உன்ரை பேர் முடியுமட்டும் விடேல்லை."