வெண்டைக்காய் விசா

ஆட்டோவில் ஏறியதும் என் ஐந்து வயது மகள் மகிழ் இருக்கை ஓரமெல்லாம் கைவிட்டுத் துழாவுவாள். சீட் பெல்ட் தேடுகிறாளாம். டெக்சாஸில் பிறந்த பிள்ளை, பெல்ட் இல்லாமல் வண்டி நகர்ந்தால் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துவாள். முதல் நாள் ஆட்டோக்காரர் காதர் பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாம்மா, பாப்பா எதுனா தொலைச்சிட்டாளா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் தோளில் கிடந்த துண்டை அவள் மடிமேல் குறுக்கே போட்டுக் கம்பியில் முடிந்தார். "இப்ப ஓகேவா மேடம்?" அதிலிருந்து அவர் வண்டியைத் தவிர வேறு எதிலும் அவள் ஏறுவதில்லை.

விசா முத்திரைக்காக ஊருக்கு வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு என் கதை தெரிந்ததுதான். இரண்டு வாரத்துக்கென்று வந்தோம். கணவருக்கு விசா கிடைத்தது, போய்விட்டார். மகிழுக்கோ அமெரிக்க பாஸ்போர்ட். என்னுடையது மட்டும் 'பரிசீலனையில்' இருக்கிறது, மாதக்கணக்காக. கீழ்பென்னாத்தூரில் அண்ணன் வீட்டில் எத்தனை நாள் விருந்தாளியாக உட்காருவது? மலையடிவாரத்தில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் தங்கும் வரிசையில் ஒற்றை அறை எடுத்தேன். காபிக்கடைக்காரர் என்னிடம் இங்கிலீஷில்தான் பேசுவார். "அண்ணா, நான் கீழ்பென்னாத்தூருங்க" என்றாலும் நம்பாமல் சிரிப்பார்.

டெக்சாஸ் வீட்டில் மகிழின் பொம்மைகளை மிதிக்காமல் நடக்க முடியாது. அட்டைப்பெட்டி வந்த அன்றே குப்பைக்குப் போகும். இங்கே ஒரு சம்பளத்தில் இரண்டு குடித்தனம். ஆனால் நான் பொம்மை வாங்காததற்குக் காரணம் அது மட்டுமில்லை. ஒரு பொம்மை வாங்கிவிட்டால் இங்கேயே தங்கிவிடுவோம் என்று கிறுக்குத்தனமாக ஒரு பயம். அதனால் துணிக் கிளிப் முதலையானது, அட்டைப்பெட்டி பஸ்ஸானது, வெண்டைக்காயின் காம்பை நறுக்கிக் குங்குமக் குழம்பில் தொட்டுக் காகிதத்தில் ஒற்றினால் சிவப்புப் பூ. நாள் முழுக்க நாலு சுவருக்குள் புதிது புதிதாக விளையாட்டுக் கண்டுபிடித்து எனக்குத் தலையே வெடிக்கும்.

போன வாரம் கணவர் கூப்பிட்டார். "ஸ்கூல் தொறக்குது கவி. என் ஃபிரெண்டு வெள்ளிக்கிழம கிளம்புறான், பாப்பாவ அவங்கூட அனுப்பிடு. உனக்கு எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?" அவர் சொன்னதில் தப்பே இல்லை. சரி என்றேன். மகிழிடம் இன்னும் சொல்லவில்லை.

நேற்று பௌர்ணமி. மாலையில் கிரிவலக் கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு போனது. ஆட்டோ எதுவும் உள்ளே வர முடியாது. சென்னையில் துணைத் தூதரக வாசலில் நின்ற வரிசை மகிழின் நினைவில் அப்படியே இருக்கிறது போல. "அம்மா, இவங்க எல்லாரும் விசாவுக்கா போறாங்க?" என்றாள். நான் சிரித்து முடிப்பதற்குள் கேட்டருகே ஸ்டூலைப் போட்டு, வெண்டைக்காயும் குங்குமக் கிண்ணமுமாக ஆபீஸ் திறந்துவிட்டாள்.

ஒரு பெண் நின்று பயபக்தியோடு உள்ளங்கையை நீட்டினார். பிரசாதம் என்று நினைத்திருக்கிறார்.

"எங்க போகணும்?" என்றாள் அதிகாரி.

"வேற எங்க பாப்பா, மலைய சுத்திட்டு வூட்டுக்குத்தான்!"

பூ விழுந்தது. அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவ்வளவுதான், பின்னால் வந்தவர்களெல்லாம் கை நீட்ட, வரிசையே கட்டிவிட்டது. இது பிரசாதமில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"நீயும் வாங்கிக்கம்மா, சும்மா நிக்கிறியே" என்று ஒருவர் இடம் விட்டார். கையை நீட்டினேன்.

"எங்க போகணும்?"

"உன்கூடத்தான்."

மகிழ் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் எங்கயும் போகலையே! இங்கதான இருக்கேன்?" என்றாள். என் கையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "நெக்ஸ்ட்!" என்று கூவினாள்.

எனக்குப் பின்னாலிருந்தவர் முன்னால் வந்தார். வெறுங்கையோடு விலகி நின்றேன். சிவந்த உள்ளங்கைகளோடு ஊர் முழுக்க மலை சுற்றி வீடு திரும்பிக்கொண்டிருந்தது.