மலை உச்சியில் புல்டோசர் மெக்கானிக்

கார் கெட்டால் மெக்கானிக்கிடம் கொண்டுவருவார்கள். புல்டோசர் கெட்டால் மெக்கானிக்கைத்தான் அதனிடம் கொண்டுபோவார்கள். சர்வீஸ் வேலையில் இருக்கும் சகோதரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கோலார் தங்கவயல் புல்டோசர் ஃபேக்டரியிலிருந்து போன நவம்பரில் எங்கள் இரண்டு பேரை வடக்கே ஒரு பனிமலை உச்சிக்கு அனுப்பினார்கள். அங்கே சாலையில் பனி தள்ளும் புல்டோசரை ஆறு வாரம் ஓட வைக்க வேண்டும். என் மகள் ஜெனிஃபர் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதன். அதற்குள் வந்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

எங்களுக்குத் தெரியாத குளிரா?

கூட வந்தவர் எங்கள் ஊர் பாலகாட் பகுதி செல்வராஜ் அண்ணன். நவம்பர் பிறந்தாலே குரங்குக் குல்லாய் மாட்டுகிற ஊர்க்காரர்கள் நாங்கள். குளிரைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம் என்ற மிதப்பு. முகாமில் கொடுத்த கையுறையைக் கழற்றிவிட்டு அண்ணன் வெறுங்கையால் ஸ்பேனரைப் பிடித்தார். கை ஒட்டிக்கொண்டது. வெதுவெதுப்பான டீயை ஊற்றிப் பிரித்தேன். கொஞ்சம் தோல் ஸ்பேனரிடமே தங்கிவிட்டது. அண்ணன் வலியைக் காட்டிக்கொள்ளவில்லை.

"டீயை இன்னாத்துக்குபா வேஸ்ட் பண்ணே? அதும் சக்கரை போட்ட டீ."

பதினோரு விசில்

உச்சியில் காற்று குறைவு. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் அரிசி வேகாது. குக்கரில் பதினோரு விசில் விட்டும் சோறு நறுக் நறுக்கென்றது. வாரத்துக்கு ஒருமுறை கிடைக்கிற போனில் மனைவியிடம் இதைச் சொல்லி அனுதாபம் தேடினேன்.

"அத்தாம் பெரிய மெஷினை ரிப்பேர் பண்றீங்க, ஒரு சோறு வடிக்கத் தெரியல. ஃபேக்டரியில இன்னாதான் கத்துக் குடுத்தாங்க?"

பழக்க தோஷம்

எங்கள் ஃபேக்டரியில் மெஷினை விட்டு இறங்கினால் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். மலையில் நேர்மாறு. அணைத்தால் டீசல் கெட்டியாகிவிடும் என்பதால் இராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பாட்டு மணி அடித்தது. பதினைந்து வருஷப் பழக்கம், என் கை தானாகச் சாவியைத் திருப்பிவிட்டது. சாப்பிட்டு, கதை பேசி, ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தால் எஞ்சின் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பனி கொட்ட ஆரம்பித்தது. சாலை மூடினால் எங்கள் ஜீப் இறங்காது, கிறிஸ்துமஸ் மலையில்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சமையல்காரரின் மண்ணெண்ணெய் அடுப்பைக் கெஞ்சி வாங்கி எஞ்சினுக்கு அடியில் பற்றவைத்தோம். எங்கள் கம்பளிகளை எஞ்சின்மேல் போர்த்திவிட்டு நாங்கள் நடுங்கினோம். மூன்று மணி நேரம் கழித்து இருமிக்கொண்டே ஸ்டார்ட் ஆனது. அண்ணன் காலி டின்னை ஆட்டிப் பார்த்தார்.

"பதினஞ்சு வருசமா ஃபேக்டரி டீசலை மிச்சம் பண்ணே. பாவம், இந்தாளு மண்ணெண்ணெயை ஒரே நாள்ல தீத்துட்டே."

தேவதூதன்

நாடகத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால், பெட்டியும் கையுமாக எங்கள் சர்ச்சில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பனியில் பட்டுத் தெறித்த வெயில் முகத்தைக் கரியாக்கி, மூக்குத் தோலை உரித்து, உதட்டைப் பிளந்திருந்தது. கண்ணாடி பார்க்க நேரமில்லை. இறக்கையோடு வந்த ஜெனிஃபர் சொல்ல வேண்டியது "பயப்படாதிருங்கள்" என்ற ஒரே வார்த்தை. என்னைப் பார்த்தாள், வாயடைத்து நின்றுவிட்டாள். மேய்ப்பர்கள் காத்திருந்தார்கள். அப்பா மேல் எவ்வளவு பாசம் என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நாடகம் முடிந்ததும் ஓடி வந்தாள்.

"இன்னாத்துக்குப்பா முன்னாடி ஒக்காந்தே? உன் மூஞ்சியைப் பார்த்து எனக்கே பயமாயிடுச்சு."

புல்டோசரை எந்த உச்சியிலும் ஸ்டார்ட் பண்ணிவிடலாம், வீட்டில் நல்ல பேர் எடுப்பதுதான் கஷ்டமான ஏற்றம்.