ஊரடங்கில் பைபிளம்மா

வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுகிற வேலையில், கதவைத் திறப்பார்களா மாட்டார்களா என்பதுதான் தினசரிக் கவலை. ஊரே வீட்டுக்குள் இருந்தும் நாம் படியிறங்க முடியாத நிலைமை வரும் என்று எனக்குப் பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை.

தொண்ணூறுகளில் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு சின்னச் சபையில் நான் பைபிள் உமனாக இருந்தேன். ஜனங்களுக்குப் பைபிளம்மா. நோயாளிகளைப் பார்ப்பதும் பெண்களோடு ஜெபிப்பதும்தான் என் வேலை. ரொட்டியும் திராட்சை ரசமுமாகிய நற்கருணையைக் கொடுக்கும் அதிகாரம் சபைப் போதகரான ஆயருக்கு மட்டும்தான். இன்சூரன்ஸ் ஏஜெண்டு, சோப்புத்தூள் விற்கிறவர், கணக்கெடுக்க வரும் டீச்சர் என்று கதவு தட்டிப் பிழைக்கிற எல்லாருக்கும் என் பாடு புரியும்.

ஒரு வருஷம் ஊருக்குள் மோதல் வந்து, கடைகள் எரிந்து, ஊரடங்கு போட்டுவிட்டார்கள். பனியன் கம்பெனிகளில் மெஷின் சத்தம் நின்றது. எங்கள் சபைக் கோயிலைப் பூட்டியாயிற்று. கோயமுத்தூருக்குக் கூட்டத்துக்குப் போன ஆயர், பஸ் ஓடாததால் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

சத்தம்

நான் இருந்தது ஒரு லைன் வீட்டில். ஒரே வாசல், வரிசையாக ஒற்றை அறைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சபைக் குடும்பங்கள் என் அறையில் கூடிவிட்டன. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு பேருக்கு மேல் ஒரே இடத்தில் சேரக்கூடாது என்று மைக்கில் சொல்லிக்கொண்டு ஜீப் போனதும் காதில் விழுந்தது. கதவைச் சாத்திவிட்டு வாய்க்குள்ளேயே பாடினோம். இரண்டாவது பாட்டில் தங்களை மறந்து எல்லாரும் குரலை உயர்த்திவிட்டார்கள்.

கதவில் லத்தி தட்டியது. நான்தான் திறந்தேன். வயதான கான்ஸ்டபிள். உள்ளே எட்டிப் பார்த்தார், தலைகளை எண்ணினார், தெருவைத் திரும்பிப் பார்த்தார். "பாடறதுன்னா மெதுவாப் பாடுங்கம்மா. உங்க சாமிக்குக் கேக்கும். எங்க இன்ஸ்பெக்டருக்குக் கேக்கக்கூடாது."

கேள்வி

கடைசி அறையில் தேவராஜ் அண்ணன் படுத்திருந்தார். நிட்டிங் மெஷின் ஃபிட்டர். நுரையீரல் போய், ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நான் ஜெபித்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு நற்கருணை வேணுங்க. ஆயர் எப்ப வருவாரு?" ஊரடங்கு எப்போது தளரும் என்று எனக்கென்ன தெரியும்? வந்துவிடுவார் என்றேன். அவர் என்னையே பார்த்தார், நம்பவில்லை.

அவர் மனைவி எலிசபெத் என்னை வாசல் வரைக்கும் கூட்டிவந்தாள். நீங்களே கொடுத்தால் என்ன என்று கேட்டாள். எனக்கு அதிகாரம் இல்லை, சபைச் சட்டம் அப்படி என்று விளக்கினேன். அவள் கோபப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சட்டம் சரிதானுங்க. அது வர்ற வரைக்கும் இவரு மூச்சு நிக்காம இருக்கோணுமே."

போன்

எதிர்ச் சாரியில் ஒரு பனியன் கம்பெனி. அந்தத் தெருவில் போன் இருந்தது அங்கே மட்டும்தான். ஆயரிடமே கேட்டுவிடலாம் என்று, பால் வாங்க விட்ட நேரத்தில் போய் முதலாளி கவுண்டரைப் பார்த்தேன். அவர் கதவைக் கால்வாசிதான் திறந்தார். கம்பெனியைத் திறந்தால் லைசென்சைப் பிடுங்கிவிடுவோம் என்று போலீஸ் மிரட்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் சாவியை எடுத்தார். பிறகு ஆபீஸ் அறையில் என்னை விட்டுவிட்டு வெளியே காவலுக்கு நின்றுகொண்டார்.

ஆயர் தங்கியிருந்த இடத்து நம்பரைச் சுற்றி, நானே கொடுக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். "அவரைப் போன்கிட்டக் கூட்டிட்டு வர முடியுமா?" என்றார். ரொட்டியும் திராட்சை ரசமும் தயார் பண்ணச் சொன்னார். என்னிடம் பாதிப் பாக்கெட் ரொட்டி இருந்தது. கம்பெனிக்குப் பின்னால் குடியிருந்த கவுண்டரம்மா, பாயசத்துக்கு வைத்திருந்த உலர்ந்த திராட்சையை ஒரு கை அள்ளி வெந்நீரில் ஊறப்போட்டார். இதனால் உங்களுக்குத் தொந்தரவு வராதே என்று கவுண்டரைக் கேட்டேன். "மெஷின் ஓடுனாத்தானுங்க கம்பெனி தொறந்த மாதிரி. போன் பேசறது அதுல சேராதுங்க."

தெரு

தேவராஜ் அண்ணனால் நடக்க முடியாது. துணி ரோல் ஏற்றும் தள்ளுவண்டியில் படுக்கவைத்துப் போர்வையால் மூடி, எலிசபெத்தும் நானும் தள்ளினோம். பால் நேரம் முடிந்துவிட்டது. தெரு அகலம் எத்தனை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது.

நடுத்தெருவில் விசில் சத்தம். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு இளம் போலீஸ்காரர், துப்பாக்கியோடு ஓடிவந்தார். போர்வைக்குள் என்ன என்று கேட்டார். எலிசபெத், "எங்க ஊட்டுக்காரருங்க" என்றாள். அவர் நம்பவில்லை. துப்பாக்கி முனையால் போர்வையை விலக்கினார். அண்ணன் இருமினார், தலையணை சிவப்பாகிவிட்டது. போலீஸ்காரர் இரண்டடி பின்னால் போனார். எங்கே, எதற்கு என்று அப்புறம் கேட்கவே இல்லை. "சீக்கிரம் போங்க. திரும்பி வரும்போது கவனம். இங்க வேற ஆள் நிப்பான்."

பாதி வார்த்தை

கம்பெனிக்குள், துணி வெட்டும் கட்டிங் டேபிளில் வெள்ளைத் துணி விரித்து ரொட்டியையும் டம்ளரையும் வைத்தோம். ஆயர் லைனில் வந்ததும் ரிசீவரை அண்ணன் காதில் எலிசபெத் பிடித்துக்கொண்டாள். ரொட்டியின் மேல் போதகர் கை வைக்க வேண்டுமே என்று நான் தயங்கினேன். ரிசீவரில் ஆயர் குரல் எனக்கும் கேட்டது: "என் கை கோயமுத்தூர்ல இருக்குது. நீங்க உங்க கையை வைங்கம்மா. நான் சொல்றேன்." வைத்தேன்.

ரொட்டிக்குரிய வார்த்தைகள் முடிந்தன. திராட்சை ரசத்துக்குரிய வார்த்தைகளுக்கு வந்தபோது பாதியில் லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப நம்பரைச் சுற்றினேன். உயிரில்லாத சத்தம்தான் வந்தது. வெளியே ஜீப் நின்றது. கவுண்டர் யாரிடமோ பேசுகிற குரல் கேட்டது. மீதியை நான் சொல்லலாமா கூடாதா? எலிசபெத் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேவராஜ் அண்ணன் கண்ணைத் திறந்து, டம்ளரைத் தன் பக்கம் தள்ளச் சொன்னார். "லைன் போனாப் போவுது விடுங்க. சின்ன வயசிலிருந்து கேட்ட வார்த்தைங்க, மிச்சத்த நானே சொல்லிக்கறனுங்க."

விசாரணை

ஊரடங்கு தளர்வதற்கு முந்தின ராத்திரி தேவராஜ் அண்ணன் போய்விட்டார். அடக்கத்துக்கு ஆயர் முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். அடுத்த மாதம் சபைக் கமிட்டி கூடி, போனில் கொடுத்த நற்கருணை செல்லுமா என்று விவாதித்தது. ஆயர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். என் வேலை போய்விடும் என்று நான் ஓரத்தில் நின்றேன். கவுண்டர் வீட்டுப் பாயசத் திராட்சை செல்லுமா என்றும் ஒருத்தர் கேட்டார். பாதி வார்த்தையை ஒரு ஃபிட்டர் சொன்னார் என்றதும் சத்தம் கூடியது.

சாட்சிக்கு எலிசபெத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கு நடந்தது முறையான நற்கருணை மாதிரி இருந்ததா என்று செயலாளர் கேட்டார். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். "முறை எனக்குத் தெரியாதுங்க. கடைசி வாரம் தண்ணி குடிச்சாலும் வாந்திதானுங்க அவருக்கு. அது ஒண்ணுதான் வயித்துல நின்னுதுங்க."

கமிட்டி அதற்கு மேல் எதுவும் எழுதாமல் நோட்டை மூடியது. நம்மைப் போலக் கதவு தட்டுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, சட்டம் நன்றாகத் தெரிந்தவர்கள் எப்போதும் பஸ் ஓட ஆரம்பித்த பிறகுதான் வந்து சேருவார்கள் என்பது மட்டும்தான்.