பஸ் வரும் முன்னே விட்ட தண்ணீர்

வாய்க்காலின் கடைசி இரண்டு மடைகள் எங்கள் குடும்பத்துடையவை. மேல்மடை அப்பாவுக்கு, கடைமடை பெரியப்பாவுக்கு. அதைத் தாண்டினால் தண்ணீர் ஓடையில் போய் விழும். எழுபதுகளின் தொடக்கம். எங்கள் பக்கம் யார் கையிலும் கடிகாரம் கிடையாது. மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகும் மத்தியான பஸ் கடந்தால் அப்பாவின் முறை முடிந்து பெரியப்பாவின் முறை தொடங்கும். பஸ் சில நாள் முந்தும், பல நாள் பிந்தும். பெரியப்பாவின் வயலிலிருந்து ரோடு தெரியாததால், யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

பாகப்பிரிவினையில் ஒரு புளியமரத்துக்காக முறைத்துக்கொண்ட அண்ணன் தம்பி மூன்று வருடமாகப் பேசுவதில்லை. அதனால் அந்தப் பதவி ஒன்பது வயதில் எனக்குக் கிடைத்தது. எனக்கு ஏகப் பெருமை.

அந்த வருடம் மழை பொய்த்தது. அன்று சாயங்காலத்தோடு வாய்க்காலை மூடப்போகிறார்கள் என்று சேதி. பெரியப்பாவின் நெல்லோ பால் பிடிக்கும் பருவம். அரை நாள் தண்ணீர் அவர் வயல் முழுவதற்கும் போதாது. பொழுது உச்சிக்கு வருமுன்பே அப்பா எங்கள் மடையை அடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பஸ் போயிடுச்சுன்னு பெரிப்பாகிட்ட சொல்லிட்டு வா."

"இன்னும் வரலியேப்பா?"

"சொன்னதச் சொல்லு, போ."

நான் அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரி. நேரே போய், "பஸ் இன்னும் வரலீங்க பெரிப்பா. அப்பாதான் போயிடுச்சுன்னு சொல்லச் சொன்னாரு" என்றேன்.

பெரியப்பா மண்வெட்டியை எடுத்துத் தன் மடையை அடைத்தார். "அவன் தண்ணி எனக்கு வேணாம். என் முறை வந்தா நான் பாச்சிக்கிறேன்னு சொல்லு."

அதையும் அப்படியே வந்து சொன்னேன். அப்பாவும் எங்கள் மடையைத் திறக்கவில்லை. இருவருக்கும் வேண்டாத தண்ணீர் ஓடைக்குப் போனது. ஆளுக்கொரு வரப்பில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று பார்த்து பஸ் வெகுநேரம் பிந்தி வந்தது.

பெரியப்பாவுக்குப் பாதி வயல் பதராகிப் போனது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். உண்மை சொன்னாலும் கிடைக்காமல் போகும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் மனம் ஏங்குகிறது.

அப்பா என்னைத் திட்டவில்லை. வீடு திரும்பும்போது, "பெரிப்பா என்ன சொன்னாரு?" என்று திரும்பவும் கேட்டார். சொன்னேன். கொஞ்ச தூரம் நடந்ததும் மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னேன்.

"வேற ஒண்ணுமே கேக்கலியா?"

"இல்லப்பா."

அவர் தண்ணீரைப் பற்றித்தான் கேட்கிறார் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.